ஒரு டாலர் தொண்ணூற்றெட்டு சென்ட் தொப்பி

கன்ட்ரி இசையின் கதையை ஒரு மலைக்குடிசையில், அடுப்புப் புகைக்கு நடுவே, கம்பி அறுந்த பிடிலோடு தொடங்குவது சம்பிரதாயம். நான் அதை ஐந்தாவது மாடியில் தொடங்குகிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலம், நாஷ்வில் நகரம், நேஷனல் லைஃப் அண்ட் ஆக்சிடென்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கட்டடம்.

1925இல் இந்தக் கம்பெனி அங்கே ஒரு வானொலி நிலையம் திறந்தது. பெயர் டபிள்யூ.எஸ்.எம். பல லட்சம் பேரைக் காப்பாற்றுகிறோம் என்ற தங்கள் விளம்பர வாசகத்தின் ஆங்கில முதலெழுத்துகளை எடுத்துப் பிள்ளைக்குச் சூட்டிவிட்டார்கள். அதாவது பாட்டுக்கு முன்பே பாலிசி பிறந்துவிட்டது. கம்பெனியின் பிழைப்பு, வாரா வாரம் வீடு தேடி வந்து சில்லறையாகப் பிரீமியம் வசூலிக்கும் சின்னப் பாலிசிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஏஜென்ட் கதவைத் தட்டினால் நாயை அவிழ்த்துவிடும் குடும்பம்கூட, சனிக்கிழமை ராத்திரி பிடில் வாசிக்கிற அந்த ரேடியோக்காரர் என்றால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தது.

நாஷ்வில்லின் பெரிய மனிதர்களுக்கு இந்தப் பிடில் சமாசாரம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர்கள் தங்கள் ஊரைத் ‘தென்னகத்தின் ஏதென்ஸ்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள். சும்மா வாய்ப்பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். 1897 பொருட்காட்சிக்காகப் பூங்காவில் கிரேக்கப் பார்த்தெனன் கோயிலை முழு அளவில் நகலெடுத்துக் கட்டினார்கள். அது தற்காலிகச் சுண்ணச்சாந்து வேலை, உதிர ஆரம்பித்தது. விடுவார்களா? 1920களில் அதையே கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். இந்த ஊருக்கு அசலைவிட நகலில் கை தேர்ச்சி அதிகம் என்பதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

வானொலிக்குச் சிகாகோவிலிருந்து ஜார்ஜ் டி. ஹே என்பவரைக் கூட்டிவந்தார்கள். அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பட்டம் ‘முகம் சுளிக்காத கிழட்டு நீதிபதி’ என்கிற மாதிரி வரும். வயது 30. நீதிபதியும் இல்லை, மெம்ஃபிஸில் பத்திரிகை நிருபராக இருந்தவர். 1925 நவம்பர் 28 அன்று அங்கிள் ஜிம்மி தாம்ஸன் என்ற 77 வயதுப் பிடில்காரரை மைக் முன்னால் உட்காரவைத்தார். ஒரு மணி நேரம் கழித்து, களைப்பாக இருக்கிறதா என்று கேட்டபோது, இன்னும் சுருதியே சேர்க்கவில்லையே என்ற பாணியில் கிழவர் பதில் சொன்னதாகக் கதை. தந்திகளும் கடிதங்களும் வந்து குவிந்தன. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு உடனே ஞானோதயம்: கிராமம் விலைபோகும்.

சிக்கல் ஒன்றுதான். வாசிக்க வந்த கிராமத்து ஆட்கள் யாரும் கிராமத்து ஆட்கள் மாதிரி இல்லை. ரேடியோ நிலையத்துக்குப் போகிறோமே என்று, இருக்கிற நல்ல கோட்டைப் போட்டு, டை கட்டி, ஷூ துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். எந்த ஏழையும் ஊருக்குப் போகும்போது அதைத்தானே செய்வான்? இவர்களில் ஹம்ஃப்ரி பேட் என்பவர் மவுத் ஆர்கன் வாசிப்பவர், தொழிலால் டாக்டர், பட்டம் வாங்கிய நிஜ டாக்டர். அவருடைய குழுவுக்கு ஹே வைத்த பெயர் ‘பாஸம் வேட்டைக்காரர்கள்’. பாஸம் என்பது பெருச்சாளி சாயலில், இரவில் மரமேறித் திரியும் ஒரு பிராணி. நோயாளியின் நாடி பிடித்துவிட்டு வந்த மனிதர் மைக் முன்னால் பெருச்சாளி பிடிப்பவராகிவிட்டார். இன்னொரு குழு ‘பள்ளம் தாண்டிகள்’. அதன் தலைவர் கார் மெக்கானிக். மற்றொன்று ‘ஊறுகாய் ஜாடிக் குடியர்கள்’ என்று அர்த்தப்படும் பெயரோடு வந்தது. தொடக்கப் புகைப்படங்களில் பேட் குழுவினர் கோட்டும் டையுமாகக் கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழர்களாக நிற்கிறார்கள். சில வருடம் தள்ளி எடுத்த படங்களில் அதே ஆட்கள் ஓவராலும் நசுங்கிய தொப்பியுமாக, ஏதோ இப்போதுதான் வயலிலிருந்து பிடித்து வந்தவர்கள் போல. வருமானம் கூடக் கூட உடை கிழிந்துகொண்டே போன தொழில் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

இந்தச் சனிக்கிழமை ராத்திரி நிகழ்ச்சிக்குப் பெயர் கிடைத்த விதத்திலும் ஒரு உறுத்தல் உண்டு. 1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, சாஸ்திரீய இசை ஒலிபரப்பு முடிந்த கையோடு, டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின இளைஞர் மவுத் ஆர்கனிலேயே ஒரு ரயிலை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு ஹே, இதுவரை கிராண்ட் ஆப்பெரா கேட்டீர்கள், இனிமேல் கேட்கப்போவது ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்று கேலியாகச் சொன்னார்; பெயர் ஒட்டிக்கொண்டது. 1941இல் பெய்லியை நீக்கிவிட்டார்கள். காப்புரிமைச் சண்டையில் அவருடைய பழைய உருப்படிகளை ஒலிபரப்ப முடியாமல் போனது ஒரு காரணம். சோம்பேறி என்று ஹே பின்னால் எழுதியது இன்னொரு கதை. அந்தச் ‘சோம்பேறி’ அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை நடத்தி உழைத்துச் சாப்பிட்டார். எளிமை, சிக்கனம், மண்ணின் மணம் என்று ஓப்ரி விற்ற எல்லாமே அவரிடம் வேஷமில்லாமல் இருந்தது. கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்துக்குள் அவர் பெயர் நுழைந்தது 2005இல், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு.

வேஷத்துக்கு வருவோம். அதில் ராணி மின்னி பேர்ல்.

சாரா ஓஃபிலியா காலி, 1912இல் டென்னசியின் சென்டர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வசதியான மர வியாபாரி. ஐந்து பெண்களில் கடைக்குட்டி. நாஷ்வில்லின் வார்ட்-பெல்மான்ட் கல்லூரியில் நாடகம் படித்தவர். நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு நடை உடை பாவனை பழக்கி அனுப்பும் இடம் அது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடிக்க ஆசைப்பட்டவருக்குக் கிடைத்தது, ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூட மேடைகளில் அமெச்சூர் நாடகம் போட்டுக்கொடுக்கும் வேலை. அப்படி ஒரு பயணத்தில் அலபாமா மலைப்பக்கம் சந்தித்த ஒரு பாட்டியின் பேச்சையும் போக்கையும் அப்படியே வாரிச் சுருட்டிக்கொண்டார். கல்யாணமாகாத, வெட்கங்கெட்ட, வம்பு பேசும் பட்டிக்காட்டு மின்னி பேர்ல் உருவானாள். 1940 நவம்பரில் ஓப்ரியில் முதல் மேடை. நிர்வாகத்துக்குக் கவலை. நகைச்சுவை எடுபடுமா என்ற கவலை இல்லை; இந்தப் பெண் படித்தவள், பெரிய இடத்துப் பெண், நம்மைக் கேலி செய்கிறாள் என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற கவலை. அதனால் பாதி ஜனம் தூங்கிவிடும் நேரமாகப் பார்த்து, இரவு பதினொரு மணிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். அடுத்த வாரமே நூற்றுக்கணக்கில் கடிதங்கள்.

அவளுடைய அடையாளம் ஒரு வைக்கோல் தொப்பி. அதன் ஓரத்தில் தொங்கும் விலைச்சீட்டு: 1.98 டாலர். புதுத் தொப்பி வாங்கிய பூரிப்பில் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்ட அப்பாவி என்பது பாத்திரத்தின் இலக்கணம். என் கணக்கில் அமெரிக்க நகைச்சுவையின் மிக லாபகரமான முதலீடு அந்தச் சீட்டு. அதைத் தொங்கவிட்டே ஐம்பது ஆண்டு ஓட்டினார். வேஷத்தைக் கலைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனால் அடுத்த வீடு எது தெரியுமா? டென்னசி கவர்னர் மாளிகை. கணவர் விமானி. மேடையில் தன் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டது கிரைண்டர்ஸ் ஸ்விட்ச். அது நிஜமாகவே சென்டர்வில்லுக்குப் பக்கத்தில் சரக்கு ரயில் ஒதுங்க வைத்த ஒரு கிளைத் தண்டவாளம். ஊர் என்று சொல்லுமளவுக்கு அங்கே ஒன்றுமில்லை. ரசிகர்கள் கார் எடுத்துக்கொண்டு அந்த ஊரைத் தேடிக் கிளம்பி, நெரிசல் தாங்க முடியாமல் நெடுஞ்சாலைத் துறை கடைசியில் வழிகாட்டிப் பலகையில் பெயரையே மாற்றியது.

1960களின் கடைசியில் அவர் பெயரில் வறுத்த கோழிக் கடைகள் கிளம்பின. கென்டக்கிக்காரர் ஒருவர் கோழியில் சம்பாதிக்கலாமென்றால் டென்னசி மட்டும் என்ன பாவம் செய்தது? கோழியை வறுத்ததைவிட, கடை திறக்கும் உரிமையை விற்றதுதான் அதிகம். விற்ற உரிமைக் கட்டணத்தை எல்லாம் கையில் வந்த லாபமாகக் கணக்கெழுதிப் பங்கு விலையை ஏற்றினார்கள். அரசு கண்காணிப்பாளர்கள் கணக்கைக் குடைந்ததும் கோழி பறந்தது. மின்னி பேர்ல் மீது குற்றமில்லை. பெயர் மட்டும்தான் அவருடையது. விலைச்சீட்டை மறைக்காத ஒரே ஆள் அந்த வியாபாரத்தில் அவர்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

கிராண்ட்பா ஜோன்ஸ் கதை இதைவிடக் கிறுக்கு. 1935இல் லூயிஸ் மார்ஷல் ஜோன்ஸ் என்ற பையனுக்கு வயது 22. பாஸ்டனில் விடிகாலை வானொலி நிகழ்ச்சி. தூக்கக் கலக்கத்தில் அவன் எரிந்து எரிந்து பேசுவதைக் கேட்ட நேயர்கள், அந்தத் தாத்தாவுக்கு என்ன வயது என்று எழுதிக் கேட்டார்கள். கூடப் பாடிய பிராட்லி கின்கெய்ட் ஒட்டு மீசை, வரைந்த சுருக்கம், பழைய பூட்ஸ் என்று எல்லாம் மாட்டிவிட்டு அவனைத் தாத்தாவாக்கிவிட்டார். சுருக்கத்தை வரைந்துகொண்டு மேடையேறியவன், அது தானாக வரும்வரை விடாமல் பாடினான். 1998இல் 84 வயதில் சாகும்போது அவரிடம் ஒப்பனைச் சாமான் எதுவும் தேவைப்படாமல் போயிருந்தது. தன் வேஷத்துக்கு இவ்வளவு பொறுமையாக வளர்ந்து கொடுத்தவர் வேறு யாருமில்லை.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஸ்ட்ரிங்பீன். இயற்பெயர் டேவிட் ஏக்மன், கென்டக்கிக்காரர், ஒல்லிக்குச்சி. இசைக்கலைஞர் பில் மன்ரோவின் குழுவில் பாஞ்சோ வாசிக்கச் சேர்ந்தபோது பேஸ்பால் நன்றாக ஆடுவார் என்பதும் ஒரு தகுதி. மன்ரோவுக்கு இசைக்குழுவும் வேண்டும், ஆட்டக்குழுவும் வேண்டும், சம்பளம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கேயே சிக்கனப் பாடம் தொடங்கிவிட்டது. மேடையில் நீளச் சட்டையை முட்டி வரை இழுத்து, அங்கே பெல்ட் கட்டி, அதற்குக் கீழே குட்டையாக ஒரு கால்சட்டை. பார்ப்பவருக்கு ஆறடி உடம்பும் அரையடிக் காலும் கொண்ட ஜந்து தெரியும்.

வீட்டுக்கு வந்தாலும் ஸ்ட்ரிங்பீன் பெரிதாக மாறவில்லை. இதுதான் வித்தியாசம். நாஷ்வில்லுக்கு வடக்கே ரிட்ஜ்டாப் பக்கம் சின்ன மரவீடு, மனைவி எஸ்டெல், மீன்பிடிப்பு, வேட்டை. ஒரே ஊதாரித்தனம் காடிலாக் கார். அதையும் ஓட்டத் தெரியாது, எஸ்டெல்தான் ஓட்டுவார். 1969இல் ‘ஹீ ஹா’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி நாடு முழுக்கப் பிரபலமாக்கிய பிறகும் அதே மரவீடுதான். 1930களின் பஞ்சத்தில் வங்கிகள் மூழ்கியதைப் பார்த்தவர் என்பதால் வங்கி என்றாலே ஆகாது. பணத்தை உடம்போடு வைத்துக்கொள்வார். இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தால் திருடனுக்கும் தெரியும்.

1973 நவம்பர் 10 இரவு, ஓப்ரி முடிந்து வீடு திரும்பிய கணவனும் மனைவியும் உள்ளே காத்திருந்த கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை முதலில் வந்து பார்த்தவர் கிராண்ட்பா ஜோன்ஸ். கொலைகாரர்கள் துப்பாக்கிகளையும் ஒரு மரமறுக்கும் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். தேடிவந்த பணம் அவர்கள் கையில் சிக்கவில்லை. இருவருடைய உடைக்குள்ளும் சேர்த்து ஐந்தாயிரம் டாலருக்கு மேல் அப்படியே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அந்த வீட்டுப் புகைபோக்கியின் செங்கல்லுக்குப் பின்னாலிருந்து சுமார் 20,000 டாலர் வெளிப்பட்டது. மக்கிப்போய், எதற்கும் உதவாத காகிதமாக.

நாஷ்வில் நட்சத்திரங்கள் கதவைப் பூட்டக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். நான்கே மாதத்தில், 1974 மார்ச்சில், ஓப்ரியும் இடம் மாறியது. 1943 முதல் அது நடந்துவந்த ரைமன் அரங்கம், ஒரு நீராவிப் படகு முதலாளி மனந்திரும்பிக் கட்டிய பழைய பிரார்த்தனை மண்டபம். கோடையில் வெந்து சாக வேண்டிய இடம். ஊருக்கு வெளியே கேளிக்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் குளுகுளு அரங்கம் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு ஜனாதிபதி நிக்சன் வந்தார். வாட்டர்கேட் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம்; ஓப்ரி பாடகர் ராய் ஏகஃப் அவருக்கு மேடையிலேயே யோ-யோ விடச் சொல்லிக்கொடுத்தார். பழைய ரைமன் மேடையிலிருந்து ஆறடி அகலத்துக்கு ஒரு வட்டத்தை அறுத்தெடுத்து, புது மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடகர்கள் இன்றைக்கும் அதன்மீது நின்றுதான் பாடுகிறார்கள். வேரை விடக் கூடாது என்பதில் அவ்வளவு உறுதி, ஏ.சி.யை விடக் கூடாது என்பதிலும்.

இடையில் இந்த ஏழை வேஷமே வேண்டாம் என்று முடிவெடுத்த கூட்டமும் உண்டு. அவர்களுக்கு நூடி கோன் என்ற தையற்காரர் தெய்வம். கீவ் நகரத்தில் பிறந்து, நியூயார்க்கில் கேளிக்கை நடனக்காரிகளுக்குத் துணி தைத்தவர் (அங்கே தைத்த துணியை அளக்க டேப் தேவைப்பட்டிருக்காது), பிறகு ஹாலிவுட் பக்கம் போய்ப் பாடகர்களின் கோட்டில் கண்ணாடிக் கற்களைக் கொட்டித் தைத்தார். வெப் பியர்ஸ் என்ற பாடகர் அவரிடம் காரையே கொடுத்துவிட்டார். பொன்டியாக் பான்வில், உள்ளே வெள்ளி டாலர்கள் பதித்து, துப்பாக்கிகளையே கைப்பிடிகளாக்கி, இருக்கைகளுக்கு நடுவே குதிரைச் சேணம் வைத்துத் திரும்பி வந்தது. வீட்டில் கிட்டார் வடிவத்தில் நீச்சல் குளம். சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்க, பக்கத்து வீட்டுப் பாடகர் ரே ஸ்டீவன்ஸ் சண்டைக்குப் போனார். எனக்கு வெப் பியர்ஸ் மீது கோபமே வராது. பணம் வந்தது, ஊருக்குத் தெரியட்டும் என்றார். நேர்மையான மனிதர்.

பெண்கள் இந்த விஷயத்தில் இன்னும் கெட்டிக்காரர்கள். லொரெட்டா லின் கென்டக்கியின் புட்ச்சர் ஹாலோ என்ற சுரங்கப் பள்ளத்தாக்கில் பிறந்தவர், எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் சியர்ஸ் கடையிலிருந்து வாங்கிக்கொடுத்த கிட்டாரின் விலை 17 டாலர். 1960இல் முதல் பாட்டு வெளிவந்தது. வெளியிட்ட கம்பெனியின் பெயர் ஜீரோ ரெகார்ட்ஸ். விளம்பரச் செலவுக்கு அவர்களிடம் இருந்த தொகையும் ஏறக்குறைய அதேதான். கணவனும் மனைவியும் காரிலேயே தூங்கி, ரொட்டிக்கு நடுவே மலிவு இறைச்சியை வைத்துத் தின்றுகொண்டு, வானொலி நிலையம் வானொலி நிலையமாகப் போய் இசைத்தட்டைக் கொடுத்து நாஷ்வில் வந்து சேர்ந்தார்கள். பத்தாண்டு கழித்துத் தன் பிறப்பைப் பற்றி ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ எழுதினார். பாட்டு நீளமாகப் போகிறதென்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். வறுமையிலும் ரேடியோ தாங்குகிற அளவு என்று ஒன்று இருக்கிறது.

1960களின் நடுவில் லொரெட்டாவுக்கு ஒரு பழைய பெரிய வீடு கண்ணில் பட்டது. வாங்கிய பிறகு பார்த்தால், கூடவே ஹரிக்கேன் மில்ஸ் என்ற ஊரும் வந்திருந்தது, தபால் நிலையம் உட்பட. அந்தப் பண்ணைக்குள்ளேயே, தான் பிறந்த சுரங்கத்துக் குடிசையைப் போல ஒரு குடிசையும், போலியாக ஒரு நிலக்கரிச் சுரங்கமும் கட்டிவைத்தார். சொன்னேனே, பார்த்தெனன் ஊர் என்று.

டாலி பார்ட்டனும் அதையே செய்தார், நுழைவுச் சீட்டோடு. 1946இல் ஸ்மோக்கி மலையடிவாரத்தில் பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டருக்கு அப்பா கொடுத்த கட்டணம் ஒரு மூட்டைச் சோள மாவு. பன்னிரண்டு குழந்தைகளில் நான்காவது. அம்மா துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்துக்கொடுத்த கோட்டைப் பற்றிய பாட்டுதான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. அதை எழுதியது பாடகர் போர்ட்டர் வேகனரின் பேருந்தில். கையில் தாள் இல்லை. கிடைத்தது போர்ட்டரின் கோட்டை வெளுக்கப் போட்ட சலவைக்கடை ரசீது. போர்ட்டரின் கோட்டு என்றால் நூடியின் கற்கள் பளபளக்கும் கோட்டு. ஒட்டுப் போட்ட கோட்டின் காவியம் கல்லிழைத்த கோட்டின் ரசீதில் பிறந்தது. பாட்டு ஓடியதும் போர்ட்டர் அந்த ரசீதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.

1986இல் டாலிவுட் கேளிக்கைப் பூங்கா திறந்தது, சொந்த மாவட்டத்திலேயே. உள்ளே அவர் வளர்ந்த குடிசையின் நகல். அதைக் கட்டியது தம்பி, உள்ளே சாமான் வைத்து ஒழுங்குசெய்தது அம்மா. ராட்டினத்தில் சுற்றிவிட்டு வருகிறவர்கள் வரிசையில் நின்று அந்த வறுமையைப் பார்த்துவிட்டுப் போகலாம். இதைக் கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன், முழுசாக முடியவில்லை. அந்த மாவட்டத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது அந்தப் பூங்காதான். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவை நினைத்து 1995இல் தொடங்கிய திட்டத்தில் குழந்தைகளுக்கு 20 கோடிக்கும் மேல் புத்தகங்கள் போயிருக்கின்றன. மலிவாகத் தோற்றமளிக்கத் தனக்கு எவ்வளவு செலவாகிறது என்று அவரே மேடைக்கு மேடை ஜோக் அடிப்பார் என்பதால் நமக்கு மிச்சமும் வைப்பதில்லை. கணக்கிலோ கெட்டி. 1970களில் எல்விஸ் பிரெஸ்லி அவருடைய பாட்டொன்றைப் பாட ஆசைப்பட்டபோது, பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார் மேனேஜர் கர்னல் பார்க்கர் (இவரும் அசல் கர்னல் இல்லை). டாலி இரவெல்லாம் அழுதார், மறுத்துவிட்டார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகம் முழுக்க ஓடியபோது பாதி கொடுக்காத முழுப் பணமும் வீடு வந்து சேர்ந்தது.

கடைசியாக வில்லி நெல்சன். டெக்ஸஸின் அபட் என்ற குக்கிராமம். 1969இல் வாங்கிய கிட்டாரை இன்னும் விடவில்லை. மீட்டி மீட்டியே அதன் உடம்பில் இரண்டாவது ஓட்டை விழுந்துவிட்டது. அதற்கு ட்ரிக்கர் என்று பெயரும் உண்டு. இவ்வளவு சிக்கனமான மனிதர் வருமான வரித் துறைக்குப் பாக்கி வைத்திருந்தது 1.67 கோடி டாலர். கணக்குப் பிள்ளைகள் காட்டிய குறுக்கு வழிகள் எல்லாம் முட்டுச் சந்தில் முடிந்திருந்தன. 1990 நவம்பரில் அதிகாரிகள் வந்து வீடு, பண்ணை, ஸ்டுடியோ எல்லாவற்றையும் முடக்கினார்கள். ட்ரிக்கரை மட்டும் மகள் முன்கூட்டியே அப்புறப்படுத்தி ஹவாய்க்கு அனுப்பிவிட்டார். ஏலத்தில் நண்பர்களும் விவசாயிகளும் அவருடைய சொத்துகளை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்; விவசாயிகளுக்காக 1985 முதல் கச்சேரி நடத்தி நிதி திரட்டிய ஆளாயிற்றே.

மிச்சக் கடனுக்கு வழி? பழைய பாட்டுகளைத் தனி ஆளாக, கிட்டாரோடு மட்டும் வைத்து ஒரு தொகுப்பு. வாத்தியக்காரர் செலவு மிச்சம். ஆல்பத்தின் பெயரிலேயே வரித் துறையின் பெயரைப் போட்டார். தொலைபேசியில் கூப்பிட்டு வாங்கச் சொல்லி டி.வி.யில் விளம்பரம், விற்கிற ஒவ்வொரு பிரதியிலும் துறைக்குப் பங்கு. அமெரிக்க அரசாங்கத்தின் வரி வசூல் அதிகாரிகள் கொஞ்ச காலம், எத்தனை பேர் கன்ட்ரி பாட்டு வாங்கினார்கள் என்று வாரா வாரம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 1993இல் கடன் தீர்ந்தது.